எழுதாததைக் கேட்டுப் பெற முடியாது: அரசு மருத்துவமனைக் கொள்முதல் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: நான் அரசு வட்ட மருத்துவமனை ஒன்றில் மருத்துவ அலுவலராகப் பணிபுரிகிறேன். நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்து பத்து ஆக்சிஜன் செறிவூட்டிகள் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவிகள்) வாங்க இருக்கிறோம். தொழில்நுட்ப விவரக்குறிப்பு தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டில் உள்ளதை அப்படியே எடுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். அது சரியா?

பதில்: சரியில்லை. கையேடு என்பது விற்பவர் தமது பொருளைப் பற்றிச் சொல்வது; விவரக்குறிப்பு என்பது உங்கள் வார்டில் உள்ள நோயாளிக்கு என்ன தேவை என்று நீங்கள் சொல்வது. இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில், வந்திறங்கிய செறிவூட்டிகளைச் சரிபார்க்கும் குழுவில் நானும் இருந்தேன். ஒப்பந்த ஆவணத்தில் ஒரு வரியில் 'நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டம்' என்றும், அதற்கு நான்கு வரி தள்ளி 'ஆக்சிஜன் செறிவு 93 சதவீதம்' என்றும் எழுதியிருந்தது. கருவியை இயக்கி, ஓட்டமானியை 2 லிட்டரில் வைத்து அளந்தபோது ஆக்சிஜன் அளவி 94 சதவீதம் காட்டியது. திருகை 5 லிட்டருக்குத் திருப்பினோம். எண் மெல்ல இறங்கி 71-இல் நின்றது. நாங்கள் மறுப்புத் தெரிவித்தபோது, விற்பனையாளரின் பிரதிநிதி ஆவணத்தின் அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுக் காட்டினார்: 5 லிட்டர் ஓட்டமும் வருகிறது, 93 சதவீதமும் வருகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? எங்களிடம் பதில் இல்லை. எழுதும்போது 'அதிகபட்ச ஓட்டம் உட்பட எல்லா ஓட்ட அளவுகளிலும்' என்ற சொற்களைச் சேர்த்திருந்தால் அந்தக் கருவிகள் அன்றே திரும்பிப் போயிருக்கும்.

ஆகவே எந்த எண்ணை எழுதினாலும், அது எந்த நிலையில் எட்டப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். உலக சுகாதார அமைப்பு 2015-இல் வெளியிட்ட செறிவூட்டிகளுக்கான தொழில்நுட்ப விவரக்குறிப்பு நல்ல தொடக்கப் புள்ளி. ஆக்சிஜன் செறிவு 82 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் எச்சரிக்கை ஒலி எழ வேண்டும், 40 டிகிரி செல்சியஸ் வெப்பம் வரையிலும் 95 சதவீத ஈரப்பதம் வரையிலும் தொடர்ந்து இயங்க வேண்டும், கடல்மட்டத்திலிருந்து குறைந்தது 2,000 மீட்டர் உயரம் வரை வேலை செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் வரையறுத்திருக்கிறார்கள். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கக் கூடாது. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனை '2,000 மீட்டர்' என்று எழுதி வாங்கினால், தன் ஊருக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லாத கருவியைத்தான் வாங்குகிறது. வேலூரிலும் மதுரையிலும் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். கடலோர ஊர்களில் ஈரப்பதம்தான் பெரிய பகை. செறிவூட்டிக்குள் நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் ஜியோலைட் மணிகள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் செறிவு விழுந்துவிடும். உங்கள் வார்டில் ஒரு வெப்பமானியை மாட்டி, மே மாதப் பிற்பகலில் அது என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர் என்றால், மின்னழுத்தச் சீராக்கியும் கருவியோடு வர வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, சரிபார்ப்பு. பத்துக் கருவிகளில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ரசீது கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டுமானால், அதையும் ஆவணத்திலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு கருவியும் மருத்துவமனையில், அதிகபட்ச ஓட்டத்தில், அரை மணி நேரம் இயங்கிய பிறகு அளக்கப்படும். அளவியையும் அதன் செல்லுபடியாகும் அளவுத்திருத்தச் சான்றிதழையும் வழங்குநர் கொண்டுவர வேண்டும். தேறாத கருவியை இத்தனை நாளுக்குள் மாற்றித் தர வேண்டும். இவ்வளவும் மூன்று வரிதான்.

கேள்வி: மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்துக்கு இரத்தப் பரிசோதனைக் கருவி வாங்கினோம். மிகக் குறைந்த விலை கொடுத்தவருக்கே ஒப்பந்தம் போனது. இப்போது வேதிப்பொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. பழுதென்றால் ஆள் வருவதும் இல்லை. தவறு எங்கே?

பதில்: விலையை ஒப்பிட்ட முறையில்தான் தவறு. இத்தகைய கருவிகளில் பல, தம் நிறுவனத்தின் வேதிப்பொருளை மட்டுமே ஏற்கும். கருவியை மலிவாகக் கொடுத்துவிட்டு, வேதிப்பொருளில் ஆண்டுக்கணக்கில் ஈட்டிக்கொள்ள முடியும். எண்களை வைத்தே பார்ப்போம்; இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு கருவி 4 லட்சம் ரூபாய், ஒரு பரிசோதனைக்கு வேதிப்பொருள் 30 ரூபாய். இன்னொன்று 7 லட்சம், பரிசோதனைக்கு 12 ரூபாய். நாளொன்றுக்கு 50 பரிசோதனை, ஆண்டுக்கு 300 நாள், ஐந்து ஆண்டுகள் என்றால் மொத்தம் 75,000 பரிசோதனைகள். முதல் கருவிக்கு ஆகும் மொத்தச் செலவு 26.5 லட்சம்; இரண்டாவதற்கு 16 லட்சம். கருவியின் விலையை மட்டும் பார்த்தால் முதலாவது மலிவு. ஐந்து ஆண்டுக் கணக்கில் அது பத்தரை லட்சம் கூடுதல். எனவே விற்பவர்கள் விலை எழுதித் தரும் மூடிய உறையிலேயே வேதிப்பொருள் விலை, உத்தரவாதம் முடிந்த பிறகான முழுப் பராமரிப்புக் கட்டணம், முக்கிய உதிரிபாகங்களின் விலை ஆகிய அனைத்தையும் கேட்டுப் பெற்று, அவற்றைக் கூட்டித்தான் குறைந்த விலை யாருடையது என்று முடிவு செய்யப்படும் எனத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். உறைகளைத் திறந்த பின் இந்த விதியைச் சேர்க்க முடியாது.

பராமரிப்பு விஷயத்தில் 'உடனடியாகச் சரிசெய்ய வேண்டும்' என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். உடனடி என்றால் எத்தனை மணி நேரம்? கருவி ஆண்டில் 95 சதவீத நாட்கள் இயங்க வேண்டும் என்று பல ஆவணங்களில் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதன்படி ஆண்டுக்குப் பதினெட்டு நாட்கள் கருவி நின்று கிடக்கலாம். மருத்துவமனையில் இருப்பதே ஒன்றுதான் என்றால், அந்தப் பதினெட்டு நாட்களும் தொடர்ச்சியாக வந்தால், நோயாளிகள் இரத்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு வெளியே தனியார் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஆகவே சதவீதத்தோடு நில்லாமல், புகார் பதிவான நேரத்திலிருந்து எத்தனை மணி நேரத்தில் பொறியாளர் வர வேண்டும், எத்தனை நாளில் சரியாகாவிட்டால் மாற்றுக் கருவி தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு எவ்வளவு பிடித்தம் என்று எழுதுங்கள். உத்தரவாதக் காலம் கருவி வந்திறங்கிய நாளிலிருந்து அல்ல, நிறுவி இயக்கிக் காட்டிய நாளிலிருந்து தொடங்க வேண்டும். மின் இணைப்பு தயாராகாமல் பெட்டி பிரிக்கப்படாமலே உத்தரவாதத்தில் பாதி கரைந்துபோன கருவிகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த வலி எனக்குத் தெரியும்.

கேள்வி: நான் மருத்துவக் கருவிகள் விற்கும் சிறு வணிகன். ஒரு டெண்டரில் நோயாளி கண்காணிப்புக் கருவிக்குத் திரை அளவு, எடை, உறையின் வடிவம் வரை ஒரே நிறுவனத்தின் பொருளுக்கு மட்டும் பொருந்தும்படி எழுதியிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே, எழுத்து வடிவில் கேளுங்கள். விலை உறை திறக்கும் வரை காத்திருந்து பிறகு புகார் சொல்பவரின் பேச்சுக்கு மதிப்புக் குறைவு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 144-ஆவது விதி, வாங்கும் பொருளின் விவரம் புறநிலையாகவும் செயல்பாட்டின் அடிப்படையிலும் அளக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும், குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சுட்டக் கூடாது என்கிறது. மாநிலக் கொள்முதலுக்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 பொருந்தும். வணிகப் பெயரை எழுதாமலே ஒரே பொருளைச் சுட்டுவதும் அதே தவறுதான்.

ஆனால் 'இது அநியாயம்' என்று மட்டும் எழுதாதீர்கள். வரிக்கு வரி, இந்த அளவால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்டு, அதற்கு மாற்றாக என்ன எழுதலாம் என்பதையும் கொடுங்கள். '12.1 அங்குலத் திரை' என்பதற்குப் பதிலாக 'குறைந்தது 12 அங்குலம்' என்றும், '3.6 கிலோ' என்பதற்குப் பதிலாக 'ஒரு செவிலியர் தனியாகத் தூக்கிச் செல்லும்படி 5 கிலோவுக்கு மிகாமல்' என்றும் முன்மொழிந்தால் குழுவால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒன்றையும் மனதில் வையுங்கள்: ஏற்கெனவே உள்ள கருவியோடு இணைய வேண்டிய பாகம் என்றால் குறிப்பிட்ட தயாரிப்பைக் கேட்பதில் நியாயம் இருக்கலாம். அந்த நியாயத்தைக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்களா என்பதே கேள்வி.

கேள்வி: நான் அரசு மருத்துவமனை மருந்தாளுநர். மருந்துக்குப் பெயரும் அளவும் எழுதினால் போதாதா? அதில் விவரக்குறிப்பு என்று தனியாக என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் கிளிசரின் கொடுக்கப்பட்டதால் இறந்தார்கள். பாட்டிலில் இருந்தது தொழிற்சாலைத் தரத்திலான, டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த திரவம். நீதிபதி லெண்டின் ஆணையம் அதை விசாரித்தது. பெயர் கிளிசரின்தான், தரம் மருந்தின் தரம் அல்ல. இந்திய மருந்தியல் தரநூலின்படி என்ற வரியும், நச்சு மாசுக்கான பரிசோதனையும், ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வக அறிக்கையும் விவரக்குறிப்பில் இருக்க வேண்டியது இதனால்தான்.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் மாநில அரசு நிறுவனமாக 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதில் பின்பற்றத்தக்க முறையை உருவாக்கியது. வந்து சேரும் மருந்தின் மாதிரியில் உற்பத்தியாளர் பெயரை மறைத்து, குறியீடு இட்டு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகே மருத்துவமனைகளுக்கு விநியோகம். யாருடைய மருந்து என்று ஆய்வகத்துக்கே தெரியாது என்பதுதான் இதன் பலம். மாத்திரைகள் டப்பாவில் கொட்டி வராமல் பட்டையில் அடைக்கப்பட்டு வருவதும், அரசு விநியோகம், விற்பனைக்கு அல்ல என்று அச்சிடப்படுவதும் கூட விவரக்குறிப்பில் எழுதப்பட்டதால்தான் நடக்கின்றன. நீங்கள் உள்ளூரில் சிறு அளவில் வாங்கும்போது காலாவதித் தேதியை மறக்காதீர்கள். இரண்டு ஆண்டு ஆயுள் கொண்ட மருந்தை நாலு மாதம் மிச்சமிருக்கும்போது தள்ளிவிடப் பார்ப்பார்கள். வந்து சேரும் நாளில் மொத்த ஆயுளில் இத்தனை பங்கு மீதம் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டால், பெட்டியை வாசலிலேயே திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் ஸ்கேன் கருவி மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. பொதுமக்களாகிய நாங்கள் என்ன கேட்கலாம்?

பதில்: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனுச் செய்யுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'ஏன் ஓடவில்லை' என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் வரும். அதற்குப் பதில், கொள்முதல் ஒப்பந்தத்தின் நகல், கருவி நிறுவப்பட்ட தேதி, உத்தரவாதம் முடியும் தேதி, பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல், கடந்த ஓராண்டின் பழுதுப் புகார்ப் பதிவேடு, தாமதத்துக்காக வழங்குநரிடம் பிடித்தம் செய்த தொகை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். பிடித்தம் 'இல்லை' என்று வந்தால், ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மருத்துவமனை நிர்வாகத்திடம் அதைச் செயல்படுத்தச் சொல்லலாம். இல்லையென்றால், அடுத்த கொள்முதலுக்கு விவரக்குறிப்பு எழுதப்படும் முன்பே நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் அதை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.