பல்சர் வேகம் கூடுமா? ப்ராஜெக்ட் சென்டர் கிராஃபை நம்பலாமா?

கேள்வி: மகள் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். காட்பாடியில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி நண்டு நெபுலா பல்சர் (வெடித்த நட்சத்திரத்தின் வேகமாகச் சுற்றும் மிச்சம்) டேட்டா வாங்கினோம். 'காவலூர் ரேடியோ டேட்டா' என்று போட்டிருக்கிறார்கள். மே முதல் ஜூலை வரை சுழற்சி வேகம் ஏறுவதாகக் கிராஃப் காட்டுகிறது. "பல்சர் வேகம் குறையத்தான் செய்யும்" என்கிறார் கைடு. "இது கிளிட்ச், புதுக் கண்டுபிடிப்பு" என்கிறது சென்டர். யாரை நம்புவது?
- ஒரு தந்தை, குடியாத்தம்

பதில்: கைடு சொல்வது சரி. 1054-ல் சீனர்கள் பார்த்துக் குறித்துவைத்த நட்சத்திர வெடிப்பில் பிறந்த பல்சர் அது. விநாடிக்குச் சுமார் 30 சுற்று. சுற்றுக்குச் சுற்று அதன் கதிர் நமக்குத் துடிப்பாகத் தெரியும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் தினமும் சுமார் 36 நானோ விநாடி கூடிக்கொண்டே போகிறது.

கிளிட்ச், அதாவது வேகம் திடீரென்று சற்றுக் கூடுவது, என்பதும் பொய்யில்லை. வெளி ஓடு மெதுவாகிக்கொண்டு வர, உள்ளே உராய்வில்லாத திரவம் பழைய வேகத்திலேயே சுற்றும். திடீரென்று ஒருநாள் அந்த வேகத்தில் கொஞ்சத்தை ஓட்டுக்குக் கொடுத்துவிடும். ஆனால் 2017 நவம்பரில் இதே பல்சரில் பதிவான பெரிய கிளிட்சே சுழற்சி வேகத்தில் பத்து லட்சத்தில் அரைப் பங்குதான். அதுவும் ஓரிரு நாளில் எகிறிவிட்டுப் பிறகு சற்று இறங்கும். மூன்று மாதம் நிதானமாக ஏறிக்கொண்டிருக்காது.

அப்படியானால் ஏறியது எதனால்? பூமியால். ரயில் நெருங்கும்போது ஹாரன் கீச்சென்று கேட்கும், தாண்டியதும் கனத்துவிடும். இங்கே ரயிலில் இருப்பது நாம். விநாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறோம். அதனால் துடிப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை மாறித் தெரியும். அந்தப் பெரிய கிளிட்சைப் போல 200 மடங்கு. மே முதல் ஜூலைக்குள் நாம் இந்தப் பல்சரைவிட்டு விலகுவதை நிறுத்தி, அதை நோக்கித் திரும்புகிறோம். அந்த ஏற்றம் உண்மையான குறைவையே விழுங்கிவிடும். உங்களுக்கு விற்றது பூமியின் ஓட்டத்தைக் கழித்துத் திருத்தாத டேட்டா.

துடிப்பு நேரங்களைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றினால் கிராஃப் இறங்கும். இலவச மென்பொருளே இருக்கிறது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானாய்வகம் இந்தப் பல்சரின் எண்களை மாதாமாதம் சும்மாவே வெளியிடுகிறது, ஒப்பிட்டுக்கொள்ளலாம். இதைக் கைடு முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் வைவாவில் பைண்டிங் நிறம் சரியா என்று பார்க்கவே நேரம் போய்விடுகிறதே!

அப்புறம், 'காவலூர் ரேடியோ'! ஜவ்வாது மலைக் காவலூரில் இருப்பவை ஒளியைப் பார்க்கும் தொலைநோக்கிகள். ரேடியோவுக்கு ஊட்டிக்குப் போக வேண்டும். சென்டரில் காசு திரும்பக் கேளுங்கள், தர மாட்டார்கள். மூல ஃபைலையாவது வாங்குங்கள். எந்தத் தொலைநோக்கி, எந்தத் தேதி, எந்த நேரம் என்பது அதில் இல்லாவிட்டால் திருத்தவும் வழியில்லை. ஜோட்ரல் பேங்க் எண்களை வைத்துப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள்.