மகள் இடைக்கால வரலாறு படிக்கட்டுமா?

ஐயா, போன வாரம் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, "இடைக்கால வரலாறு எம்.ஏ. படித்தால் பிழைப்புக்கு வழி உண்டா?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் உங்கள் மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் மனசில் நிற்கிறது. அன்று அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

எந்தத் துறையில் சேர்ப்பதானாலும், அங்கே ஒரு வருஷத்தில் என்னென்ன நடந்தது என்று கேளுங்கள். வெளிநாட்டில் இடைக்கால ஆய்வு மையம் என்றால் வெளியூர் அறிஞர்களின் உரை, பழைய கையெழுத்து வாசிக்கும் பயிற்சி என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். மே மாதம் அமெரிக்காவின் கலமசூ நகரிலும் ஜூலையில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலும் இடைக்கால ஆய்வு மாநாடு நடக்கும். அங்கே ஆய்வு மாணவர்களும் கட்டுரை வாசிப்பார்கள். நம் ஊர்த் துறையிலும் இதையே தேடுங்கள்: கடைசியாக எப்போது கல்வெட்டுப் பயிற்சி நடத்தினார்கள்? பிள்ளைகளை எந்தக் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள்?

ஏனென்றால் இந்தப் படிப்பில் சோறு போடுவது வாசிக்கத் தெரிந்த கண்தான். கல்வெட்டைப் படியெடுக்க, கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்வரை பிரஷ்ஷால் அடித்து, மேலே மை ஒற்றுவார்கள். கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். அந்த மைப்படியைத் தடுமாறாமல் படிக்கிறவர்கள் குறைவு. தமிழோடு, சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தும் கொஞ்சம் சமஸ்கிருதமும் தெரிந்துவிட்டால் உங்கள் மகளுக்குப் போட்டி பாதியாகக் குறையும்.

அதற்கு நாம் இருக்கும் இடமே வசதி. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின.

வேலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். நிரந்தர இடங்கள் கொஞ்சம்தான்; காத்திருக்க வேண்டி வரும். எம்.ஏ.வோடு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குத் தயாராகட்டும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் ஆய்வுக் காலத்தில் மாதாமாதம் உதவித்தொகை வரும்; 2023இல் அது முதல் இரண்டு வருஷத்துக்கு மாதம் 37,000 ரூபாயாக இருந்தது. தொல்லியல் துறை, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் எல்லாம் அடுத்து. கையோடு பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வும் எழுதலாம். பெண்ணின் கையில் இந்த ஒன்று இருந்தால் உங்களுக்கும் ராத்திரி தூக்கம் வரும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் போய் வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில் அந்த ஊர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு அந்த ஊரில்தான் கிடைத்தது. கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அவளை ஒரு வரியாவது எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள், அப்போது அவள் முகத்தைப் பாருங்கள். அப்புறம் மார்க் ஷீட்டோடு என்னிடம் வாருங்கள், விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.