கீழக்கரையிலிருந்து குற்றாலம்: ஒரே பயணத்தில் பூங்காவும் அருவியும் முடியுமா?

கீழக்கரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். மாமியாருக்கு முழங்கால் வலி. அரையாண்டு விடுமுறையில் இரண்டு நாள் காரில் வெளியே போக நினைக்கிறோம். நம் பக்கத்தில் பிள்ளைகள் விளையாட நல்ல பூங்கா எது? அருவி ஏதாவது அருகில் உண்டா? இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சேர்க்க வேண்டாம். இரண்டுக்கும் பருவம் வேறு. அரையாண்டு விடுமுறை நம் மாவட்டத்தைப் பார்ப்பதற்கு ஆண்டிலேயே நல்ல சமயம். அருவிக்குப் போவதற்கோ தொல்லையான சமயம். அருவிப் பயணத்தை ஆடி மாதத்துச் சனி, ஞாயிறு ஒன்றுக்குத் தள்ளி வையுங்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் அருவி கிடையாது. தண்ணீர் விழ வேண்டுமென்றால் மலை வேண்டும். நம்முடையது கண்மாய் பூமி. வைகையே இங்கே வந்து பெரிய கண்மாயில் படுத்துவிடுகிறது. தவிர, நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆனி, ஆடியில் இங்கே மண் வாரித் தூற்றும் அதே தென்மேற்குக் காற்றுதான், செங்கோட்டைப் பக்கம் ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரத்தைக் கொண்டுவந்து குற்றாலத்தில் சாரலாக இறக்குகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே சீசன், இங்கே புழுதி. டிசம்பரில் இங்கே கண்மாய் நிறைந்து கிடக்கும். அங்கே மழையைப் பொறுத்து வெள்ளமாகவும் இருக்கலாம், சாதாரணமாகவும் இருக்கலாம்.

டிசம்பரில் குற்றாலம் ஏன் வேண்டாம் என்றால், காரணம் இரண்டு. கார்த்திகை தொடங்கி மகரவிளக்கு வரை சபரிமலை போகும், திரும்பும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் விடியலிலிருந்தே பேரருவியில் நிற்கும். அறை வாடகையும் ஏறிவிடும். அடுத்தது, காற்றழுத்தத் தாழ்வு வந்தால் ஒரே இரவில் காட்டாற்று வெள்ளம் இறங்கி, குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். 2023 டிசம்பர் நடுவில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் முழுகிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் போகவேண்டிய கிழக்குக் கடற்கரைச் சாலை தூத்துக்குடி மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது.

இனி, விடுமுறையில் என்ன பார்ப்பது.

முதல் நாள் விடியற்காலை சக்கரக்கோட்டைக் கண்மாய். ராமநாதபுரம் நகரை ஒட்டியே இருக்கிறது. உங்களுக்கு அரை மணி நேரப் பயணம். 2025-இல் இதற்கும் நம் மாவட்டத்துத் தேர்த்தங்கலுக்கும் ராம்சர் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இலேயே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் வந்து அடையும். காலை 6 முதல் 8 வரை, இல்லாவிட்டால் மாலை 4-க்கு மேல் போங்கள். பத்து மணிக்குப் போனால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்தான் தெரியும். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். அதற்கு மேல் போனால் பிள்ளைகள் கையில் ஆடிக்கொண்டே இருக்கும். சிவப்பு, பளீர் மஞ்சள் சட்டை வேண்டாம். கரையில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி உள்ளிருந்தபடியே பார்ப்பது உங்கள் மாமியாருக்கும் வசதி, பறவைக்கும் அச்சமில்லை.

கண்மாயில் தண்ணீர் இருந்தால்தான் பறவை இருக்கும். கார்த்திகைக்குள் நிறையவில்லை என்றால் அந்த ஆண்டு கூடு கட்டாது. புறப்படும் முன் அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர் யாரையாவது விசாரித்துவிடுங்கள். அவரைவிட நம்பகமான தகவல் வேறில்லை. சக்கரக்கோட்டை வற்றியிருந்தால், சாயல்குடிப் பக்கம் மேல–கீழச் செல்வனூர் இருக்கிறது. 1998-இல் அறிவிக்கப்பட்ட 593 ஹெக்டேர் சரணாலயம். பெரிய கண்மாய் என்பதால் ஏதாவது ஒரு மூலையில் ஈரம் மிஞ்சும்.

விளையாட்டுப் பூங்காவுக்கு எல்லாரும் சொல்வது உச்சிப்புளி அருகே அரியமான். சவுக்குத் தோப்பு நிழலும் ஆழமில்லாத கடலும் சேர்ந்த இடம், பிள்ளைகளுக்குப் பொருத்தம்தான். ஆனால் அரியமான் வடகடலை, அதாவது பாக் விரிகுடாவைப் பார்த்த கரை. மார்கழியில் வாடைக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். தண்ணீர் கலங்கி, அலை ஏறியிருக்கும். அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், கொந்தளிக்கும் தென்கடலை (மன்னார் வளைகுடா) ஆண் கடல் என்றும் சொல்வது வழக்கம் என்றாலும், வாடைக்காலத்தில் அந்தக் குணம் தலைகீழாகிவிடும். ஆகவே டிசம்பரில் அரியமானுக்குப் போனால் ஊஞ்சலோடும் தோப்போடும் நிறுத்திக்கொள்ளுங்கள். கடலில் இறக்க நினைத்தால் மாசி, பங்குனியில் போகலாம். ஆடி, ஆவணியிலும் அங்கே கடல் அடங்கித்தான் இருக்கும், தென்மேற்குக் காற்று கரைக்குப் பின்னாலிருந்து வருவதால்.

கடலோரப் பூங்காவில் பிள்ளையை ஊஞ்சலில் ஏற்றும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். பலகையை எல்லாரும் பார்ப்பார்கள். அறுந்துபோவது பலகை அல்ல. சங்கிலியின் முதல் வளையம் மேல் குழாய்க் கொக்கியில் உரசும் இடத்தைப் பாருங்கள். உப்புக் காற்றில் துரு பிடிக்கும், ஆடும்போது அந்தத் துரு தேய்ந்து உதிரும், அடியில் புது இரும்பு வெளியே வந்து மறுபடி துரு பிடிக்கும். அதனால் வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்க, வளையத்தின் உள்பக்கம் மட்டும் பாதியாகக் கரைந்திருக்கும். கம்பியின் கனம் அந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே அந்த ஊஞ்சல் வேண்டாம். பெரியவர் ஒருவர் இரண்டு சங்கிலியையும் பிடித்து முழு எடையையும் கொடுத்து மூன்று முறை இழுத்துப் பார்க்கலாம். 'கிரீச்' என்பது எண்ணெய் இல்லாத சத்தம், பரவாயில்லை. 'டக்'கென்று ஒரு குதி குதித்தால் வளையம் கொக்கியில் பள்ளம் பறித்துவிட்டது என்று பொருள். தகரச் சறுக்குமரத்தில் தகடு சேரும் இடத்தில் துரு விளிம்பு தூக்கியிருக்கிறதா என்று உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தடவுங்கள். பகல் 11 முதல் 4 வரை தகரம் தோசைக்கல்தான், மார்கழியானாலும்.

இரண்டாம் நாளைப் பாம்பன் தீவுக்கு வையுங்கள். பாம்பன் அருகே குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம் குந்துகால். நினைவு மண்டபமும் அங்கேயே இருக்கிறது. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள். அவற்றில் ஒன்று குருசடை. மார்கழியில் தென்கடல் அடங்கியிருக்கும் என்பதால் படகு ஓட வாய்ப்பு அதிகம். ஆனாலும் காற்று எழுந்தால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே காலையில் முதல் வேலையாக இதை வையுங்கள். படகில் ஏறி இறங்குவது முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். மாமியார் விவேகானந்தர் நினைவு மண்டபத்திலேயே இருந்து கடல் பார்க்கட்டும். பவளத் துண்டு, சங்கு எதையும் பிள்ளைகள் பையில் போடவிடாதீர்கள். செத்த பவளத்தை எடுப்பதும் குற்றம்தான்.

மதியம் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம். 2017 ஜூலையில் திறந்தது. வெயில் நேரத்தை நிழலில் கழிக்க ஏற்றது, நடையும் குறைவு. பிறகு 3 மணிக்குள் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டுவிட வேண்டும். இருட்டுவதற்குள் எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயச் சுவர்களைப் பார்த்துவிட்டு அரிச்சல்முனை வரை காரிலேயே போகலாம். அங்கே குளிக்கக் கூடாது. இரு கடலும் முட்டும் முனை, கால் நனைக்கும் ஆழத்திலேயே அடிமணல் இழுபடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். தை பிறந்த பிறகு போனால் வழியில் உப்பங்கழியில் பூநாரைக் கூட்டமும் கிடைக்கும்.

கடலில் கால் நனைக்கும்போது சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் நன்னீர் ஊற்றாதீர்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். இரண்டுமே தோலில் ஒட்டியிருக்கும் நுண்ணிய விஷப் பைகளை வெடிக்க வைக்கும். கடல் நீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சுரண்டாமல் சிறு இடுக்கியால் மெதுவாக எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டு வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். மூச்சு வாங்கினால், முகம் வீங்கினால் மருத்துவமனைதான்.

நேரமிருந்தால் தொண்டிச் சாலையில் காரங்காடு அலையாத்திக் காடு. படகிலிருந்தே அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் ஆணி அடித்ததுபோல் சேற்றில் நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம். மழை வெள்ளம் வரும் நாளில் வேண்டாம்.

இப்போது ஆடி மாத அருவிப் பயணம்.

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி வழியாகக் குற்றாலம் ஏறத்தாழ 210 கி.மீ.; ஐந்து மணி நேரம் ஆகும். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்புவதுதான் வழக்கம். அதுவே தவறு. ஒன்பது, பத்து மணிக்குப் போய்ச் சேரும்போது கூட்டம் உச்சத்தில் இருக்கும், வண்டி நிறுத்தவே ஒரு மணி நேரம் போகும். வெள்ளி மாலை பள்ளி விட்டதும் கிளம்பி, இரவு தென்காசியில் தங்குங்கள். குற்றாலத்திலிருந்து 5 கி.மீ.தான், வாடகையும் குறைவு. சனி காலை 5.30-க்கு அருவியில் நில்லுங்கள். போகவர, உள்ளூர்ச் சுற்றல் சேர்த்து 480 கி.மீ.; லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் என்றால் 32 லிட்டர்.

எந்த அருவி என்பது உங்கள் குடும்பத்துக்கு முக்கியம். பேரருவியில் தண்ணீர் உச்சியிலிருந்து நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் அவ்வளவு உயர அருவியில் மனிதர் நிற்க முடிகிறது. ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளையை அதன் நடுவில் நிறுத்தக் கூடாது. சின்னவனுக்கும் மாமியாருக்கும் புலியருவி: சிறிய அருவி, படி குறைவு, அடி மென்மை. பெரியவனை ஐந்தருவிக்கு அப்பா கூட்டிப் போகட்டும். பழைய குற்றாலத்தில் படிக்கட்டு ஏற வேண்டும், முழங்காலுக்கு ஆகாது.

அருவிக்குள் பக்கவாட்டில் நுழையுங்கள். முதலில் கை, பிறகு தோள், பிறகு முதுகு. உச்சந்தலையை நேராகக் கொடுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். கம்மல், கொலுசு, சங்கிலி எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வையுங்கள். அருவி கேட்டு வாங்காது. தேய்ந்த ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும், வெறுங்கால் மேல். சேலை காலில் சுற்றும், சுடிதார் நல்லது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு அருவியில் தடை. வயிறு நிறைய உண்டுவிட்டு நிற்காதீர்கள். செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பரோட்டாவைக் குளித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அதற்கும் மரியாதை.

உயிர் போகும் இடம் ஒன்று உண்டு. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென இறங்கிய வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அது சீசன்கூட இல்லை, கோடை மழை. தெளிவாக விழுந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறினால், சருகும் குச்சியும் கலந்து வந்தால், சத்தம் கனத்தால், போலீஸ் விசிலுக்குக் காத்திராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் ஏறுங்கள். துண்டும் வாளியும் கிடக்கட்டும்.

ஆடியில் போயும் தண்ணீர் நூலாக விழுகிறது என்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். பாபநாசம் அகத்தியர் அருவி அங்கிருந்து ஒரு மணி நேரம். மேலே அணையும் மின்நிலையமும் இருப்பதால் வற்றாமல் விழும். வனத்துறைச் சோதனைச்சாவடியில் பைகளைப் பார்ப்பார்கள், பிளாஸ்டிக் பையில் கட்டிய சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குரங்குகள் டப்பாவையும் திறக்கும். காருக்குள் வைத்துச் சாப்பிடுவது உத்தமம்.

மதுரை வழியாகப் பெரியகுளம் கும்பக்கரை அருவிக்குப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பாறைச் சரிவு அழகுதான். ஆனால் யானைக் கஜம், பாம்புக் கஜம் என்று பெயர் வைத்த ஆழக் குழிகள் அந்தப் பாறையிலேயே இருக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளையோடு இப்போது வேண்டாம். நீச்சல் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.