ஒரே குரோமோசோம் துண்டு அப்பாவிடமிருந்து வராவிட்டால் ஒரு நோய், அம்மாவிடமிருந்து வராவிட்டால் வேறு நோய் என்கிறார்களே, அது எப்படி?

நீங்கள் கேட்பது 15ஆம் குரோமோசோமைப் பற்றி. அதில் ஒரு குறிப்பிட்ட பகுதி அப்பா தந்த பிரதியில் இல்லாமல் போனால் பிராடர்-வில்லி சிண்ட்ரோம் வரும். குழந்தை பிறக்கும்போதே துவண்டு கிடக்கும், பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது. சில வருடங்களில் நிலைமை தலைகீழாகி, எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத பசி வந்துவிடும். அதே பகுதி அம்மா தந்த பிரதியில் இல்லாவிட்டால் ஆஞ்சல்மன் சிண்ட்ரோம். பேச்சு ஏறக்குறைய வராது, நடை தள்ளாடும், வலிப்பு வரும், குழந்தை அடிக்கடி சிரித்துக்கொண்டே இருக்கும்.

நான் கல்லூரியில் மரபியல் நடத்துகிறேன். மெண்டலின் பட்டாணிச் செடிகளில் ஒரு மரபணு எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்பது பொருட்டே இல்லை. அதை நடத்தி முடித்த கையோடு இந்த இரண்டு நோய்களுக்கு வரும் வகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது.

நம்முடைய பெரும்பாலான மரபணுக்களில் அப்பா பிரதி, அம்மா பிரதி இரண்டும் வேலை செய்யும். ஆனால் ஏறத்தாழ நூறு மரபணுக்களில் ஒன்று மட்டுமே வேலை செய்யும், மற்றது அடங்கியிருக்கும். எது அடங்கவேண்டும் என்பது கரு உருவாவதற்கு முன்பே, கருமுட்டையிலும் விந்தணுவிலும் தீர்மானமாகிவிடுகிறது. இதைத்தான் மரபணு முத்திரையிடல், ஜீனோமிக் இம்பிரிண்டிங் என்கிறார்கள். முத்திரை என்பது டிஎன்ஏவில் உள்ள சைட்டோசின் எழுத்தின்மேல் ஒட்டப்படும் மெத்தில் என்ற சின்ன வேதித்தொகுதி. எழுத்து வரிசை மாறுவதில்லை. கருவுற்ற உடனே டிஎன்ஏவில் உள்ள மெத்தில்களில் பெரும்பகுதி துடைக்கப்படும். இந்த முத்திரைகளை மட்டும் சில புரதங்கள் காவல் காக்கும். அப்புறம் ஒவ்வொரு செல் பிரிவிலும் அவை நகலெடுக்கப்படும். அந்தக் குழந்தையின் இனச்செல்களில் மட்டும் பழைய முத்திரைகள் அழிந்து புதிதாகக் குத்தப்படும். அம்மாவிடமிருந்து ஒரு மகனுக்கு வந்த குரோமோசோம், அவன் தன் பிள்ளைக்குத் தரும்போது அப்பா முத்திரையோடுதான் போகும்.

சரி, இந்த மெத்தில் எப்படி மரபணுவைக் கட்டுப்படுத்துகிறது? இங்கே 11ஆம் குரோமோசோமுக்குப் போவது நல்லது, ஏனென்றால் மிகத் தெளிவாகப் புரிந்துகொள்ளப்பட்ட இடம் அது. அங்கே ஐஜிஎஃப்2, எச்19 என்று இரண்டு மரபணுக்கள் அருகருகே இருக்கின்றன. ஐஜிஎஃப்2 கருவை வளர்க்கும் புரதத்தைத் தருவது. இரண்டுக்கும் பொதுவாக, எச்19-க்கு அந்தப் பக்கம் என்ஹான்சர் என்ற முடுக்கித் துண்டுகள் இருக்கின்றன. அந்த இரண்டு மரபணுக்களுக்கும் நடுவில் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி. அம்மா பிரதியில் அந்தப் பகுதியில் மெத்தில் இல்லை. அதனால் சிடிசிஎஃப் என்ற புரதம் அங்கே வந்து உட்கார்ந்து, முடுக்கிகள் ஐஜிஎஃப்2-ஐத் தொடவிடாமல் மறிக்கிறது. முடுக்கிகளின் வேகமெல்லாம் எச்19-க்குப் போகிறது. அப்பா பிரதியில் அதே பகுதி முழுக்க மெத்தில். சிடிசிஎஃப் ஒட்ட முடியாது, மறிப்பும் இல்லை; ஐஜிஎஃப்2 ஓடுகிறது, எச்19 அடங்குகிறது. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் இந்த வயலுக்கு, திறந்தால் அந்த வயலுக்கு என்பதுபோல.

மெத்தில் ஒட்டினால் மரபணு அணையும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இங்கே மெத்தில் ஒட்டியதால்தான் ஐஜிஎஃப்2 எரிகிறது! ஒட்டும் இடம் எது, அங்கே எந்தப் புரதம் உட்கார வேண்டியிருந்தது என்பதுதான் முக்கியம். அம்மா பிரதியிலும் தவறுதலாக மெத்தில் ஏறிவிட்டால் ஐஜிஎஃப்2 இரண்டு மடங்காகி, குழந்தை அளவுக்கு மீறி வளரும் பெக்வித்-வீடமன் சிண்ட்ரோம் வரலாம். அப்பா பிரதியில் மெத்தில் போய்விட்டால் வளர்ச்சி குன்றும் சில்வர்-ரஸ்ஸல் சிண்ட்ரோம் வரலாம்.

எலிகளில் இதை நேரடியாகவே பார்த்தார்கள். பழுதாக்கப்பட்ட ஐஜிஎஃப்2 அப்பாவிடமிருந்து வந்தால் குட்டியின் எடை இயல்பில் 60 சதவீதம்தான். அதே பழுது அம்மாவிடமிருந்து வந்தால் ஒரு குறையும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 1991-ல் வெளியிட்டது இது. அதற்கு முன்பே, 1984-ல், கேம்பிரிட்ஜில் அசீம் சுராணியும் பிலடெல்பியாவில் மெக்ராத், சோல்டர் இருவரும் எலிக் கருக்களில் உட்கருவை மாற்றிவைத்துப் பார்த்திருந்தார்கள். இரண்டு பங்கும் அம்மாவுடையதாக இருந்தால் நஞ்சுக்கொடி தேறவில்லை. இரண்டும் அப்பாவுடையதாக இருந்தால் நஞ்சுக்கொடித் திசு வளர்ந்தது, கரு தேறவில்லை. மனிதர்களில் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தின் முழு வகையில் நடப்பதும் இதுதான்: குரோமோசோம்கள் எல்லாம் அப்பாவுடையவை, கருப்பையில் திசு பெருகும், குழந்தை இருக்காது.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு என்பதற்குப் பரிணாம உயிரியலாளர் டேவிட் ஹேய்க் சொன்ன விளக்கம் பிரபலம். கரு தாயிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் அப்பா வழி மரபணுவின் நலனும் அம்மா வழி மரபணுவின் நலனும் ஒன்றல்ல என்கிறார் அவர். கருவை வளர்க்கும் ஐஜிஎஃப்2 அப்பா பிரதியில் மட்டும் ஓடுவதற்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. எல்லா முத்திரை மரபணுக்களுக்கும் இதை நீட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

இனி 15ஆம் குரோமோசோம். அங்கே அம்மா பிரதியின் கட்டுப்பாட்டு மையத்தில் மெத்தில் இருப்பதால் ஸ்னோர்ட்116 உள்ளிட்ட பல மரபணுக்கள் அதில் அடங்கியிருக்கும். அப்பா பிரதியில் மட்டும் ஓடும். அப்பா பிரதி இல்லாவிட்டால் அவை அடியோடு இல்லை. அதுதான் பிராடர்-வில்லி. அப்பா பிரதியிலிருந்து நீளமான ஓர் ஆர்என்ஏவும் உருவாகிறது. நரம்பு செல்களில் அது எதிர்த்திசையில் யுபிஇ3ஏ மரபணுவுக்குள் நீண்டு, அப்பா தந்த யுபிஇ3ஏ-வை அடக்கிவிடும். ஆக மூளையில் அம்மா தந்த யுபிஇ3ஏ ஒன்றுதான் கதி. அது போனால் ஆஞ்சல்மன். அப்பா பிரதி கெடாமல் அங்கேயே தூங்கிக்கொண்டிருப்பதால், அந்த ஆர்என்ஏவைச் சிதைத்து அதை எழுப்பும் மருந்துகள் மனிதர்களிடம் சோதிக்கப்படுகின்றன. இந்தச் செய்தியைத்தான் நான் மிகுந்த ஆவலோடு பின்தொடர்கிறேன்.

இதைப் படிக்கும் பெற்றோருக்காக இன்னும் கொஞ்சம். துண்டு விடுபட்டே ஆகவேண்டும் என்றில்லை. பிராடர்-வில்லி குழந்தைகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இரண்டு 15ஆம் குரோமோசோம்களும் அம்மாவிடமிருந்தே வந்திருக்கும். எதுவும் குறைவதில்லை, அப்பா முத்திரைதான் இல்லை. அதனால் சாதாரண குரோமோசோம் பரிசோதனையில் ‘நார்மல்’ என்று வரும். துவண்ட குழந்தைக்கு அந்த ரிப்போர்ட்டோடு நிறுத்திவிடாமல் மெத்திலேஷன் பரிசோதனை செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பிராடர்-வில்லியை 99 சதவீதத்துக்கும் மேல் அது கண்டுபிடித்துவிடும். ஆஞ்சல்மனில் சுமார் 80 சதவீதம்தான், ஏனென்றால் யுபிஇ3ஏ-வில் மட்டும் பிழை இருந்தால் முத்திரை சரியாகவே தெரியும். அதற்குத் தனியாக மரபணு வரிசையைப் படிக்கவேண்டும்.

‘அப்பா பக்கத்துக் குறை’, ‘அம்மா பக்கத்துக் குறை’ என்று குடும்பத்தில் பேச்சு வந்தால் தயவுசெய்து மறுத்துச் சொல்லுங்கள். துண்டு விடுபடுவதும் இரண்டும் ஒருவரிடமிருந்தே வருவதும் பெரும்பாலும் முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நடப்பவை. அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. கட்டுப்பாட்டு மையத்திலேயே ஒரு சின்னத் துண்டு பரம்பரையாக விடுபட்டிருக்கும் அரிதான குடும்பங்களிலும், ஆஞ்சல்மனில் அம்மாவிடமே யுபிஇ3ஏ பிழை இருக்கும் குடும்பங்களிலும் அது 50 சதவீதம் வரை போகலாம். உங்கள் குழந்தைக்கு இதில் எது என்பதை மரபணு ஆலோசகர் சோதனை முடிவை வைத்துச் சொல்லுவார்.