பின்னணி சர்வீஸுக்கு யூனிட் டெஸ்ட் எழுதுவது எப்படி?

ஆண்ட்ராய்டு செயலியில் பின்னணியில் தரவை சர்வருக்கு அனுப்பும் சர்வீஸுக்கு டெஸ்ட் எழுத முடியவில்லை, ஒவ்வொரு முறையும் எமுலேட்டரை (கணினியில் ஓடும் மெய்நிகர் போனை) ஓட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சர்வீஸை அப்படியே சோதிக்க முயல்வதால் வரும் சிரமம் இது. முதலில் அதற்குள் இருக்கும் வேலையை வெளியே எடுங்கள்.

எதை அனுப்புவது, எந்தப் பிழைக்கு மறுபடி முயல்வது, எப்போது கைவிடுவது என்ற முடிவுகளெல்லாம் ஆண்ட்ராய்டின் வாடையே படாத ஒரு சாதாரண கோட்லின் கிளாஸில் இருக்கட்டும். நெட்வொர்க், தரவுத்தளம், கடிகாரம் மூன்றையும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுங்கள். கடிகாரத்தை மறந்துவிடாதீர்கள், அது உங்கள் கையில் இருந்தால்தான் ஆறு மணி நேரத்தை ஒரே வரியில் நகர்த்த முடியும்.

இந்தப் பிரிப்பின் அருமையை எனக்கு உணர்த்தியது ஒரு பிழை. செயலி அனுப்பிய ஒரு பதிவு சர்வரைச் சேர்ந்துவிட்டது. பதில் வருவதற்குள் இயங்குதளம் செயலியை நிறுத்திவிட்டது. அடுத்த ஓட்டத்தில் அதே பதிவு மீண்டும் போய் இரட்டிப்பானது. எமுலேட்டரில் அதை வரவழைக்க இரண்டு நாள் போராடினோம். பிறகு ஒரு போலி சர்வர் எழுதினேன்: பதிவை வாங்கி வைத்துக்கொள்ளும், உடனே நெட்வொர்க் பிழையை வீசும். ஒத்திசைவை இருமுறை ஓட்டி, இரண்டு கோரிக்கைகளிலும் ஒரே அடையாள எண் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் போட்டுக்கொண்டிருந்தோம்! பதிவு உருவாகும்போதே எண்ணைச் சேமித்து, வந்த எண்ணே மறுபடி வந்தால் சர்வர் அதைப் புறக்கணிக்கும்படி மாற்றினோம். அந்த டெஸ்டை இன்றுவரை யாரையும் நீக்க விட்டதில்லை.

பின்னணி வேலைகளைத் திட்டமிட்டு ஓட்டும் ஆண்ட்ராய்டு நூலகமான ஒர்க்மேனேஜரைப் பயன்படுத்தினால் அதற்கென்றே டெஸ்டிங் நூலகம் இருக்கிறது. அதிலுள்ள டெஸ்ட்லிசனபிள்ஒர்க்கர்பில்டரில் முயற்சி எண்ணிக்கையை நீங்களே வைத்து, ஐந்தாவது தோல்விக்குப் பிறகு ஒர்க்கர் (வேலையைச் செய்யும் கிளாஸ்) கைவிடுகிறதா என்று பார்க்கலாம். சுழற்சி வேலைகளுக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். அதே டெஸ்டிங் நூலகத்திலுள்ள டெஸ்ட்டிரைவர் அந்த இடைவெளி கழிந்ததாகவும், நெட்வொர்க் போன்ற நிபந்தனைகள் நிறைவேறியதாகவும் சொல்லிவிடும். டெஸ்டுக்குள் சிறிது நேரம் காத்திருக்க வைக்கும் ஸ்லீப் மட்டும் போடாதீர்கள். ஒரு நாள் தேறும், மறுநாள் தோற்கும். பிறகு அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

போன் பயன்பாடின்றிக் கிடக்கும்போது பேட்டரியைச் சேமிக்க ஆண்ட்ராய்டு போகும் டோஸ் நிலையில் வேலை தள்ளிப்போவது யூனிட் டெஸ்டில் தெரியாது. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் நிஜமான போனில், ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் கருவி) மூலம் டோஸை வலிந்து வரவழைத்து அதைத் தனியாகப் பார்க்கிறோம்.