22 லட்சம் வந்தால் 22 லட்சமும் வருமானமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வீட்டு வாசலிலேயே இட்லி, தோசை மாவு விற்கிறேன். சாயங்காலம் தள்ளுவண்டியில் டிபன். முக்கால்வாசிப் பேர் ஜிபே, போன்பே மூலம்தான் பணம் தருகிறார்கள். 2025-26இல் என் சேமிப்புக் கணக்கில் வந்த தொகையைக் கூட்டிப் பார்த்தால் 22 லட்சம்! இதில் வீட்டுக்காரர் சம்பளத்திலிருந்து மாதம் 20,000 போடுகிறார். அம்மா என்னிடம் இருப்பதால் தம்பி சென்னையிலிருந்து மாதம் 15,000 அனுப்புகிறான். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து சீட்டு போடுகிறோம். ஆளுக்கு 3,000, என் நம்பருக்குத்தான் வரும். கமிஷன் எதுவும் நான் எடுப்பதில்லை. செலவெல்லாம் போக மாதம் 35,000 கையில் நிற்கும். கையில் ரொக்கமாக வாங்கியது வருஷத்துக்கு 2.20 லட்சம் இருக்கலாம். ஓசூரில் ஒரு கடைக்கு வாரம் இரண்டு தடவை மாவு பாக்கெட் அனுப்புகிறேன். போன வருஷம் பக்கத்து பேக்கரிக்கு நோட்டீஸ் வந்ததிலிருந்து தூக்கமில்லை. கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் வாங்கலாமா?

பதில்: அட்டையைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் உங்களுக்குத்தான் நஷ்டம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 22 லட்சத்தைப் பிரித்துப் போடுவோம்.

வீட்டுக்காரர் போட்டது 2.40 லட்சம். தம்பி அனுப்பியது 1.80 லட்சம். சீட்டுப் பணம் 3.60 லட்சம். மூன்றையும் கழித்தால் மிச்சம் 14.20 லட்சம். அதுதான் யுபிஐ வழியாக வந்த வியாபாரப் பணம். ரொக்கம் 2.20 லட்சத்தைச் சேர்த்தால் உங்கள் மொத்த விற்பனை 16.40 லட்சம். இந்த எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் தருவது அவர் கையில் ஏற்கெனவே வரிக்கு உட்பட்ட சம்பளம். உங்களுக்கு வருமானம் ஆகாது. தம்பி தருவதற்கும் வரி இல்லை, எவ்வளவு அனுப்பினாலும் சரி. உடன்பிறந்தவர், கணவரின் உடன்பிறந்தவர், அம்மா அப்பாவின் உடன்பிறந்தவர் எல்லாம் வருமான வரிச் சட்டத்தில் 'உறவினர்'. ஆனால் சித்தி மகன், அத்தை மகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களும் நண்பர்களும் அன்பளிப்பாகத் தருவது ஒரு வருஷத்தில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுவதற்கும் வரி உண்டு. கல்யாணத்துக்கு வந்த மொய் விதிவிலக்கு. இதில் ஒரு வேடிக்கை: தாய்மாமன் மருமகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை. அந்த மருமகன் பெரியவனாகி மாமனுக்குத் திருப்பிச் செய்தால், மாமன் கணக்கில் அது வரிக்குரிய அன்பளிப்பு. சட்டம் எழுதியவர்களுக்கு நம்ம ஊர் தாய்மாமன் உறவு தெரியாதுபோல.

சீட்டுப் பணம் அடுத்தவர் பணம், உங்கள் வருமானம் இல்லை. கமிஷன் எடுக்காமல் இருப்பது இன்னொரு வகையிலும் நல்லதாகப் போயிற்று. கமிஷன் சம்பாதிக்கும் ஆளுக்கு, நான் கீழே சொல்லப்போகும் 44ஏடி என்ற சுலபமான வழியே கிடையாது. ஆனால் பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி தண்டனைக்குரியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நடக்கிற சுற்று முடிந்ததும் விட்டுவிடுவது நல்லது.

இனி வருமான வரி. 44ஏடி பிரிவில் சிறு வியாபாரி கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. விற்பனையில் ஒரு பங்கை லாபமாகக் காட்டினால் போதும்: ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம், வங்கி வழியாகவோ யுபிஐயிலோ வந்ததற்கு 6 சதவீதம். கியூஆர் அட்டையைக் கழற்றினால் நஷ்டம் என்று சொன்னது இதனால்தான். விற்பனை 2 கோடி வரை இந்த வசதி உண்டு. ரொக்கம் 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 3 கோடி வரை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. 6, 8 மாறவில்லை. 2025-26 கணக்குக்குப் பழைய சட்டம்தான்.

உங்கள் கணக்கைப் போட்டால் 14.20 லட்சத்துக்கு 6 சதவீதம் 85,200. 2.20 லட்சத்துக்கு 8 சதவீதம் 17,600. கூட்டினால் 1,02,800. 'வரியும் இல்லை, ரிட்டர்னும் வேண்டாம், போங்கள்' என்று சொல்லும் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 6, 8 என்பவை குறைந்தபட்சம். மாதம் 35,000 நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வருஷத்துக்கு அது 4.20 லட்சம். அதைக் காட்டுங்கள்.

காட்டினால் என்ன ஆகும்? புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. மேலே உள்ள 20,000க்கு 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய். 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 87ஏ தள்ளுபடி இருப்பதால் அந்த ஆயிரமும் போய்விடும். கட்ட வேண்டியது பூஜ்யம். ஆனால் 4 லட்சத்தைத் தாண்டியதால் ரிட்டர்ன் கட்டாயம். உங்களுக்கான படிவம் ஐடிஆர்-4. நாளைக்கு கிரைண்டர் வாங்கவோ கடை எடுக்கவோ முத்ரா கடன் கேட்டுப் போனால் மேனேஜர் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான். அதில் ஒரு லட்சம் என்றிருப்பதைவிட நாலு லட்சம் என்றிருப்பது எவ்வளவோ மேல்.

ரொக்கத்துக்கு மாறினால் யார் கண்ணிலும் படாது என்று நினைக்கிறீர்கள். யுபிஐயில் வரும் ஒவ்வொரு 30, 40 ரூபாயையும் வங்கி வருமான வரித் துறைக்குச் சொல்வதில்லை. ஆனால் சேமிப்புக் கணக்கில் வருஷத்துக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டால் அதை வங்கி சொல்லியே ஆக வேண்டும். ஏஐஎஸ் என்ற ஆண்டு அறிக்கையில் அது உங்கள் பான் எண்ணுக்கு நேராக வந்து நிற்கும். ஆக, பயந்துபோய் ரொக்கத்துக்கு மாறுகிறவர்தான் சீக்கிரம் கண்ணில் படுவார்.

சரி, பேக்கரிக்கு வந்த நோட்டீஸ்? அது வருமான வரி இல்லை, ஜிஎஸ்டி. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை, பணப் பரிவர்த்தனை நிறுவனங்களிடம் 2021-22 முதல் 2024-25 வரையிலான யுபிஐ வரவுகளை வாங்கி, வரம்பைத் தாண்டியும் பதிவு செய்யாதவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஊர் முழுக்க 'நோ யுபிஐ' அட்டை தொங்கியது அப்போதுதான். பிறகு முதல்வர் சித்தராமையா வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசி, பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கியைக் கேட்கமாட்டோம் என்று அறிவித்தார்.

பொருள் மட்டும் விற்பவருக்கு ஜிஎஸ்டி வரம்பு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். மாவு பொருள். தட்டில் போட்டுத் தரும் டிபன் சேவை. இரண்டும் ஒரே பான் எண்ணில் நடப்பதால் உங்களுக்கு 20 லட்சம்தான். இப்போது புரிந்திருக்கும்: வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் கணக்கில் தெரிவது 22, அது வரம்பைத் தாண்டிவிட்டது. உண்மையான விற்பனை 16.40, தாண்டவில்லை. அந்த வித்தியாசத்தை நிரூபிக்க வேண்டியது நீங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டை மாதவாரியாகப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் பென்சிலால் வி, சீ, த, க என்று எழுதுங்கள்: விற்பனை, சீட்டு, தம்பி, கணவர். சீட்டுக்காரர்களை, பணம் அனுப்பும்போது குறிப்பில் 'சீட்டு' என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம் வியாபாரத்துக்கென்று உங்கள் பெயரிலேயே நடப்புக் கணக்கு ஒன்று தொடங்கி, கியூஆரை அதற்கு மாற்றிவிடுங்கள். வீட்டுக்காரர் பெயரில் இன்னொரு கியூஆர் வைத்து விற்பனையைப் பிரித்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வியாபாரம் செய்கிறவர் யாரோ, வருமானமும் விற்பனையும் அவருடையதுதான்.

உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 22 லட்சம் இல்லை, ஓசூர். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் அது தமிழ்நாடு. வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் 20 லட்சம், 40 லட்சம் என்ற வரம்பே கிடையாது. முதல் பாக்கெட்டிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இட்லி தோசை மாவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதனால் அது வரிக்குரிய பொருள். சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டமும் வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்புகிறவருக்குக் கிடைக்காது. வாரம் இரண்டு தடவை போகும் அந்த மாவில் லாபம் எவ்வளவு என்று பாருங்கள். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் என்றால் இன்றைக்கே நிறுத்திவிடலாம். நல்ல லாபம் இருந்தால் முறையாகப் பதிவு செய்துகொண்டு தொடருங்கள். இதுவரை அனுப்பியதற்கு என்ன செய்வது என்பதை பில், டெலிவரி விவரங்களோடு நேரில் ஒரு ஆடிட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ஓசூரை நிறுத்திவிட்டால், விற்பனை 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. தாண்டினால் 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அப்போது காம்போசிஷனில் சேர்ந்தால் டிபன் கடைக்கு விற்பனையில் 5 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டினால் போதும். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது, உங்கள் கையிலிருந்துதான் போகும். விலையை அப்போதே யோசித்து வையுங்கள்.

நோட்டீஸ் என்று ஏதாவது வந்தால் பதில் போடாமல் இருக்காதீர்கள். அதே சமயம் வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பைப் பார்த்துப் பணமும் கட்டிவிடாதீர்கள். வருமான வரித் துறையின் கடிதத்தில் டிஐஎன் என்ற எண் இருக்கும். அதைத் துறையின் இணையதளத்தில் போட்டால் அசலா போலியா என்று உடனே தெரிந்துவிடும், லாகின்கூட வேண்டாம்.