வியட்நாம் சமையல் வகுப்பு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பிப்ரவரியில் டா நாங், ஹோய் ஆன் போகிறோம். ஹோய் ஆனில் சமையல் வகுப்பு விளம்பரங்கள் ஏராளமாக இருக்கின்றன. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?
- வாசகி, கோவை

பதில்: பணம் கட்டுமுன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஆளுக்கு ஓர் அடுப்பு உண்டா? மாவு கரைப்பதும் கீரை ஆய்வதும் நாமா, அல்லது கிண்ணத்தில் தயாராக வருமா? அரை நாள் வகுப்புகள் பலவற்றில் சந்தையைச் சுற்றுவது, ‘கம் தான்’ என்ற ஊரின் தென்னைச் சதுப்பில் வட்டப் பரிசல் சவாரி எல்லாம் போக, அடுப்படியில் நிற்பது ஒரு மணி நேரம்தான். பரிசல் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அது சமையல் இல்லை.

மூன்று மணி நேரத்தில் மூன்று, நான்கு பதார்த்தம் என்றால் நியாயம். அதற்கு மேல் போனால் நறுக்கி வைத்ததைக் கிளறுவதுதான் உங்கள் வேலை. பட்டியலில் ஃபோ (எலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ்) இருந்தாலும் மயங்க வேண்டாம். எலும்பு ஆறு மணி நேரமாவது கொதிக்க வேண்டும் என்பதால் சாறு முன்பே காய்ச்சியதாகத்தான் இருக்கும். ஹோய் ஆனின் பழைய ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் உள்ள ட்ரா குவே கீரைக் கிராமத்தில் நடக்கும் வகுப்பில், பாத்தியிலிருந்து நீங்களே பறித்துச் சமைக்கலாம். எங்கள் ஓட்டு அதற்கே. பிப்ரவரி நல்ல மாதம். அக்டோபர், நவம்பரில் ஆறு பெருகிப் பழைய ஊர்த் தெருக்களில் தண்ணீர் ஏறிவிடும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். “கறி வேண்டாம்” என்று சொன்னால் போதுமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: போதாது. கறியை எடுத்துவிடுவார்கள், மீனை உப்பில் ஊறவைத்து வடித்த மீன் சாறான நுவோக் மாம் அப்படியே இருக்கும். அங்கே அது நம் உப்பு மாதிரி. “ஆன் சாய்” என்று சொல்லுங்கள். பௌத்தச் சைவ உணவு என்று பொருள். அதில் மீன் சாறு கிடையாது. நம்மைப் போலவே அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அங்கே பலர் சாய் உண்பதால் சொன்னதும் புரிந்துகொள்வார்கள். கண்டிப்பான சாயில் வெங்காயம், பூண்டும் இருக்காது. வகுப்புக்குப் பதிவு செய்யும்போதே இதை எழுதிவிடுங்கள், பன்றிக் கொழுப்பு இல்லாத எண்ணெயும் தனி வாணலியும் கேளுங்கள்.

கேள்வி: வகுப்பில் மொறுமொறுவென்று வந்த, தோசை போன்ற பான் ஸெயோ, வீட்டில் தொளதொளவென்று கிழிகிறது. இடியாப்ப மாவில் கரைத்து, இரும்புத் தோசைக்கல்லில் ஊற்றினேன். மாவு புளிக்க வேண்டுமா?
- வாசகி, சேலம்

பதில்: புளிக்கவே கூடாது. மஞ்சளாக மடித்து வருவதைப் பார்த்துத் தோசை என்று நினைத்துவிடுகிறோம், தப்பு அங்கேதான் தொடங்குகிறது. மாவைக் கரண்டியால் தேய்த்தால் கனமாகிவிடும். இதில் கரண்டிக்கு வேலையில்லை, ஆப்பச்சட்டியைப் போல் வாணலியையே சுழற்ற வேண்டும். அதனால் தட்டைக் கல் உதவாது. 20 செ.மீ. அகலமும் விளிம்பும் உள்ள, ஒட்டாத வாணலி வேண்டும்.

இடியாப்ப மாவு வறுத்தது, தண்ணீரை வேறு விதமாக இழுக்கும். அங்கே வகுப்பில் தருவது நனைத்து அரைத்துக் காயவைத்த நைசான மாவு. அது கிடைக்காவிட்டால் 200 கிராம் பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, 200 மி.லி. தண்ணீர் விட்டு விரலில் நெருடாத அளவு அரையுங்கள். 150 மி.லி. தேங்காய்ப்பால், அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் சேர்த்து அரை மணி நேரம் வையுங்கள். நீர்தோசை மாவு பதம், அதாவது கரண்டியின் பின்புறம் மெல்லியதாகப் படிந்தால் போதும். பால் கூடினால் சிவக்கும், ஆனால் மொறுமொறுப்பு வராது.

எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி. இறாலோ காளானோ முதலில் வதக்கிவிட்டு, நல்ல தீயில் 80 மி.லி. மாவை ஊற்றிச் சுழற்றுங்கள். “ஸெயோ” என்பதே அந்தச் சொய்ங் சத்தம்தான். சத்தம் வரவில்லையென்றால் வாணலி காயவில்லை. ஒரு பிடி முளைப்பயறைத் தூவி ஒரு நிமிடம் மட்டும் மூடுங்கள். பிறகு மூடியை எடுத்து, மிதமான தீயில் விளிம்பு தானாக எழும்பும்வரை இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். அதற்குமுன் திருப்ப முயன்றால்தான் கிழியும். மூடி நேரம் கூடினாலோ முளைப்பயறு ஈரமாக இருந்தாலோ ஆவி இறங்கி நமுத்துவிடும். இன்னொன்று: அரிசி அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறையும் கலக்கி ஊற்றுங்கள். கலக்காததால்தான் முதல் இரண்டு சரியாகவும் கடைசி மூன்று கெட்டியாகவும் வருகின்றன.

அங்கே இதைக் கீரையில் சுற்றித் தொட்டுக்கொண்டு உண்பார்கள். அந்தக் கீரைகளில் ஒன்றான தாய் பேசில் (தாய்லாந்துத் துளசி வகை) கிடைக்காவிட்டால் நம் துளசி வேண்டாம். சப்ஜா விதை தரும் திருநீற்றுப்பச்சிலை அதே இனம்தான், இளந்தழையைக் கிள்ளுங்கள்.

கேள்வி: அரிசித் தாளில் (அரிசி மாவில் செய்த மெல்லிய, காய்ந்த வட்டத் தகடு) ரோல் சுற்றும்போது பசைபோல ஒட்டிக் கிழிகிறது.
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தண்ணீரில் மிருதுவாகும்வரை விடுகிறீர்கள். சாதாரணத் தண்ணீரில் இரண்டு நொடி முக்கி, விறைப்பு இருக்கும்போதே எடுத்துத் தட்டில் வையுங்கள். மீதியை அரை நிமிடத்தில் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே வைக்கும் அரிசிச் சேமியாவைக் குளிர்ந்த நீரில் அலசி, சொட்டாதவரை வடியுங்கள். இறாலின் சிவந்த பக்கம் கீழே இருந்தால் தாளுக்கு வெளியே அழகாகத் தெரியும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், விறைத்துவிடும்.

கேள்வி: வரும்போது மீன் சாறு வாங்கி வரலாமா?
- வாசகி, சென்னை

பதில்: உடைந்தால் பெட்டி முழுக்க நாறும் என்பதால் சில விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் விடமாட்டார்கள். சென்னையின் பெரிய கடைகளிலேயே நல்ல மீன் சாறு கிடைக்கும். லேபிளில் 30 முதல் 40 வரை ‘என்’ (N) என்று போட்டிருந்தால் தொட்டுக்கொள்ள ஏற்றது, லிட்டருக்கு இத்தனை கிராம் நைட்ரஜன் என்று அர்த்தம். தொட்டுக்கொள்ளக் கலக்கும் அளவு: ஒரு பங்கு மீன் சாறு, ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, நான்கு பங்கு தண்ணீர். வெந்நீரில் சர்க்கரையைக் கரைத்து, ஆறிய பிறகே எலுமிச்சை பிழியுங்கள். சூட்டில் பிழிந்தால் வாசம் போய்விடும். பூண்டும் மிளகாயும் கடைசியில். பெட்டியில் இடம் இருந்தால் அரிசித் தாள் வாங்கி வாருங்கள்.